பல்கலைக்கழகக் கருவியில் நோயாளி மாதிரியை ஓட்டலாமா?

கேள்வி

கொங்கு மண்டலத்து நகரம் ஒன்றில் பதினோரு ஆண்டுகளாக மருத்துவ ஆய்வகம் நடத்துபவர் எழுதியிருக்கிறார். மெடிக்கல் லேப் டெக்னாலஜியில் முதுநிலை படித்தவர். உயிர்வேதியியலில் எம்.டி. முடித்த மருத்துவர் ஒருவர் பகுதி நேரமாக வந்து அறிக்கைகளில் கையெழுத்திடுகிறார். ஆய்வகங்களின் தரத்தை மதிப்பிட்டுச் சான்று தரும் என்ஏபிஎல் வாரியத்தின் அங்கீகாரம் இவருடைய ஆய்வகத்துக்கு உண்டு. மாதம் சுமார் 120 வைட்டமின் டி, 30 டாக்ரோலிமஸ் (மாற்று உறுப்பை உடல் நிராகரிக்காமல் இருக்கத் தரும் மருந்தின் ரத்த அளவு), 50 பச்சிளங்குழந்தைச் சோதனை மாதிரிகளை மற்ற ஆய்வகங்களின் மாதிரிகளை வாங்கிச் சோதிக்கும் வெளியூர் ரெஃபரல் லேபுக்கு அனுப்புகிறார். வைட்டமின் டி-க்கு அந்த லேப் இவரிடம் வாங்குவது 450 ரூபாய்.

நாற்பது கிலோமீட்டரில் இருக்கும் ஒரு பல்கலைக்கழகத்தின் பொதுக் கருவி மையத்தில் மூலக்கூறுகளைப் பிரித்து, அவற்றின் நிறையைக் கொண்டு அளக்கும் எல்சி-எம்எஸ்/எம்எஸ் கருவி இருக்கிறது. வெளி நிறுவனங்களுக்கு மாதிரி ஒன்றுக்கு 1,200 ரூபாய், மணிக்கணக்கில் எடுத்தால் மணிக்கு 2,500 ரூபாய்; இரண்டுக்கும் ஜிஎஸ்டி தனி. மாணவர்களுக்கு 200 ரூபாய்தான். அங்குள்ள ஆராய்ச்சி மாணவர் ஒருவர், "என் பெயரிலேயே பதிந்துவிடலாம் சார்" என்று சொல்லியிருக்கிறார்.

வாசகரின் கேள்விகள் இவை: அரசுப் பணத்தில் வாங்கிய கருவிதானே, பயன்படுத்த எனக்கு உரிமை இல்லையா? மையத்துக்கும் என்ஏபிஎல் சான்று இருப்பதால் என் அறிக்கையில் அந்த முத்திரையைப் போடலாமா? மாணவர் பெயரில் பதிந்தால் என்ன சிக்கல் வரும்? இதற்குப் பதிலாகக் கடன் வாங்கிக் கருவியையே வாங்கிவிடலாமா? பின்னாளில் அதே மையத்தில் டிஎன்ஏ வரிசையைப் படிக்கும் சீக்வென்சரில் கர்ப்பிணிகளுக்கான என்ஐபிடி (தாயின் ரத்தத்திலிருந்து சிசுவின் குரோமோசோமைப் பார்க்கும் சோதனை) செய்யவும் எண்ணம் இருக்கிறது.

பதில்

உங்கள் கடிதத்தில் மூன்று சோதனைகளும் ஒரே வரியில் வருகின்றன. ஒரே கருவியில் செய்யக்கூடியவை என்பதால் அப்படி எழுதியிருப்பீர்கள். நோயாளியின் பக்கம் நின்று பார்த்தால் மூன்றும் வேறு வேறு அவசரம் கொண்டவை, அதனால் முதலில் அவற்றைப் பிரித்துக்கொள்வோம்.

டாக்ரோலிமஸை இந்தத் திட்டத்திலிருந்து இன்றே எடுத்துவிடுங்கள். சிறுநீரகம் மாற்றிக்கொண்டவர் காலை மாத்திரைக்கு முன் இடிடிஏ குழாயில் ரத்தம் கொடுக்கிறார். அன்று மாலை அளவு தெரிந்தால்தான் மருத்துவர் இரவு மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ முடியும். பொது மையத்தில் உங்களுக்கு வாரத்தில் ஒரு நாள் முறை கிடைத்தாலே பெரிது. வியாழக்கிழமை ரத்தத்துக்கு அடுத்த புதன்கிழமை அறிக்கை கொடுத்தால், அதற்குள் அந்த நோயாளி பன்னிரண்டு வேளை மாத்திரை விழுங்கியிருப்பார். இன்னொன்றையும் கவனியுங்கள். ஆன்டிபாடியைக் கொண்டு அளக்கும் இம்யூனோஅஸே முறை மருந்தின் வளர்சிதைப் பொருட்களையும் ஓரளவு சேர்த்துப் பிடிப்பதால் பெரும்பாலும் சற்றுக் கூடுதலாகவே காட்டும். முறையை மாற்றினால் மருத்துவருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். இல்லாவிட்டால் எண் குறைந்ததைப் பார்த்து அவர் மருந்தைக் கூட்டிவிடுவார்.

பச்சிளங்குழந்தைச் சோதனையும் வேண்டாம். பிறந்து 48 முதல் 72 மணி நேரத்துக்குள் குதிகாலில் குத்தி எடுக்கும் ரத்தப் பொட்டு அது. மேப்பிள் சிரப் யூரின் நோய், சில ஆர்கானிக் அசிடீமியாக்கள் போன்ற பிறவி வளர்சிதைக் கோளாறுகள் முதல் வாரத்திலேயே குழந்தையை மயக்க நிலைக்குத் தள்ளக்கூடியவை. கருவி பழுது, பல்கலைக்கழக விடுமுறை, பொறியாளர் வரவில்லை என்பதெல்லாம் அங்கே சாதாரண நிகழ்வுகள். இந்தக் குழந்தைக்கு அந்தக் கால அவகாசம் கிடையாது. "ஒரே கருவியில் ஐம்பது நோய்" என்ற விளம்பர வாக்கியத்தையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அமினோ அமிலங்களும் அசைல்கார்னிட்டின்களும்தான் எம்எஸ்/எம்எஸ் கருவியில் வழக்கமாக ஓடுகின்றன. நம் ஊரில் அதிகம் கண்டுபிடிக்க வேண்டிய பிறவித் தைராய்டு குறைபாட்டுக்கு டிஎஸ்எச் ஹார்மோனும், அட்ரினல் கோளாறுக்கு 17-ஓஎச்பி ஹார்மோனும், ஜி6பிடி என்ற நொதியின் குறைபாட்டுக்கு நொதிச் சோதனையும் தனித்தனியாகச் செய்தாக வேண்டும்.

மிச்சம் இருப்பது வைட்டமின் டி. அவசரமில்லாத சோதனை, சீரம் (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிநீர்) குளிரில் தாங்கும், தொகுப்பாகச் சேர்த்து ஓட்டலாம். பொதுக் கருவியில் செய்யத் தோதானது இது ஒன்றுதான். ஆனால் கணக்கு போட்டுப் பார்த்தால் வேறு கதை வருகிறது.

1,200 ரூபாய் எப்படி வளர்கிறது

கருவிக்கு நோயாளி மாதிரி, கேலிப்ரேட்டர் (அளவு தெரிந்த ஒப்பீட்டு மாதிரி) என்ற வேறுபாடு கிடையாது. ஊசி இறங்கும் ஒவ்வொரு முறையும் ஒரு இன்ஜெக்‌ஷன். நம்பகமான ஒரு தொகுப்புக்கு வெற்று மாதிரி ஒன்று, இன்டர்னல் ஸ்டாண்டர்டு (எல்லா மாதிரியிலும் ஒரே அளவில் சேர்க்கும் ஒப்புப் பொருள்) மட்டும் சேர்த்த வெற்று ஒன்று, ஏழு நிலைக் கேலிப்ரேட்டர்கள், மூன்று நிலைக் கியூசி (தரக் கட்டுப்பாட்டு மாதிரி) தொடக்கத்திலும் முடிவிலும் என ஆறு, ஆகப் பதினைந்து வேண்டும். உங்கள் வாரத்து முப்பது மாதிரிகளையும் சேர்த்தால் 45. மாதிரிக் கணக்கில் மையம் 45-க்கும் பில் போட்டால் 18 சதவீத ஜிஎஸ்டியுடன் 63,720 ரூபாய். ஒரு நோயாளிக்கு 2,124 ரூபாய் விழும்.

மணிக்கணக்கில் எடுத்தால் நிலைமை பரவாயில்லை. இன்ஜெக்‌ஷனுக்கு ஆறு நிமிடம் என்று வைத்தால் 270 நிமிடம். கருவியைச் சமநிலைக்குக் கொண்டுவர ஒரு மணி நேரம், கடைசியில் கழுவ அரை மணி நேரம். மொத்தம் ஆறு மணி நேரம், 17,700 ரூபாய், நோயாளிக்கு 590. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை அறுபது மாதிரியாகச் சேர்த்து, கியூசியை நான்கு முறை வைத்தால் 81 இன்ஜெக்‌ஷன், 9.6 மணி நேரம், 28,320 ரூபாய், நோயாளிக்கு 472. இதில் டியூட்டீரியம் ஏற்றிய இன்டர்னல் ஸ்டாண்டர்டு, எல்சி-எம்எஸ் தரக் கரைப்பான், வயல் எனும் சிறு குப்பி, கேலிப்ரேட்டர் கிட், உங்கள் ஊழியரின் ஒரு நாள் சம்பளம், நாற்பது கிலோமீட்டர் வண்டிச் செலவு எதுவும் சேரவில்லை. இன்று உங்கள் வாசலில் வந்து மாதிரியை எடுத்துப்போகும் லேப் வாங்குவது 450.

ஜிஎஸ்டி பற்றியும் ஒரு வார்த்தை. 2017-இன் 12-ஆம் எண் அறிவிக்கையின்படி நோய் கண்டறியும் சேவைக்கு வரிவிலக்கு இருக்கிறது. நோயாளியிடம் நீங்கள் ஜிஎஸ்டி வாங்குவதில்லை. மையம் உங்களுக்குத் தருவது தொழில்நுட்பச் சோதனைச் சேவை, அதற்கு 18 சதவீதம். உங்கள் வெளியீடு வரிவிலக்கில் இருப்பதால் கட்டிய வரியை வரவாகத் திரும்ப எடுக்க வழியில்லை. அந்த 18 சதவீதம் முழுக்க உங்கள் செலவுதான்.

உரிமையா, அனுமதியா?

அரசுப் பணம் என்பதால் உரிமை வந்துவிடுவதில்லை. பொதுக் கருவிகளைப் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பது அரசின் கொள்கைதான், அதில் ஐயமில்லை. 1970-களில் மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை தொடங்கிய வட்டாரக் கருவி மையங்கள்தான் இன்று சைஃப் என்ற பெயரில் சென்னை ஐஐடி உட்படப் பல இடங்களில் இயங்குகின்றன. 2020 ஜனவரியில் ஐ-ஸ்டெம் இணையதளம் தொடங்கப்பட்டது. நாடெங்கும் எந்த நிறுவனத்தில் எந்தக் கருவி இருக்கிறது என்று அதில் தேடி, பயனராகப் பதிந்து, முறை கேட்கலாம். 2022-இல் ஸ்ரீமன் என்ற பெயரில் பகிர்வு வழிகாட்டு நெறிகளும் வந்தன. பெங்களூரின் சி-கேம்ப் என்ற உயிரியல் ஆராய்ச்சி மையம் போன்ற இடங்கள் தொழில் நிறுவனங்களுக்குச் சேவை செய்வதையே தங்கள் வேலையின் பகுதியாக வைத்திருக்கின்றன. ஆனால் இவற்றில் எதுவும் குறிப்பிட்ட நாளில் குறிப்பிட்ட கருவியை உங்களுக்குத் தந்தே ஆக வேண்டும் என்று மையத்தைக் கட்டாயப்படுத்தவில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டால் கட்டணப் பட்டியலும் பயன்பாட்டுப் பதிவும் கிடைக்கலாம், முறை கிடைக்காது.

இதைவிட முக்கியமான ஒன்றை உங்கள் கடிதம் தொடவே இல்லை. அந்தக் கருவி எந்தச் சலுகையில் இறக்குமதியானது? ஆராய்ச்சி நிறுவனங்கள் 51/96 சுங்க அறிவிக்கையின் கீழ்க் குறைந்த வரியில் கருவி இறக்கும்போது, அது ஆராய்ச்சிக்காக மட்டுமே தேவைப்படுகிறது என்று சான்று கொடுத்திருப்பார்கள். மானியத்தில் வாங்கியிருந்தால், எந்த நோக்கத்துக்காகக் கொடுக்கப்பட்டதோ அதைத் தவிர வேறு எதற்கும் ஒப்புதலின்றிப் பயன்படுத்தக் கூடாது என்ற நிபந்தனையும் ஒட்டிக்கொண்டிருக்கும். தொழில் நிறுவனத்தின் ஆராய்ச்சி மாதிரியை ஓட்டுவது வேறு, தினமும் நோயாளிக்கு விற்கும் அறிக்கைக்காக ஓட்டுவது வேறு. தணிக்கையில் இந்தக் கேள்வி எழுந்தால் மையம் ஒரே நாளில் உங்களை நிறுத்திவிடும். அப்போது உங்கள் பிரிட்ஜில் அறுபது பேரின் சீரம் காத்திருக்கும். ஆகவே "வெளி நிறுவனங்களுக்கு அனுமதி உண்டு" என்ற வாய்ச்சொல் போதாது. மனித நோயறிதலுக்கான வணிகப் பயன்பாட்டுக்கு அனுமதி உண்டு என்று மையத் தலைவர் கையெழுத்திட்ட கடிதம் வேண்டும்.

மையத்தின் விண்ணப்பப் படிவத்தின் பின்பக்கத்தையும் படியுங்கள். முடிவுகள் ஆராய்ச்சிக்கு மட்டும், சட்ட நடவடிக்கைகளுக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற வரி பல மையங்களின் படிவங்களில் பொடி எழுத்தில் இருக்கும். அந்த வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டுவிட்டு அதே முடிவை நோயாளிக்கு விற்றால், நுகர்வோர் ஆணையத்தில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் காட்டுவது அந்தப் பக்கத்தைத்தான்.

டி.சி.யும் எம்.சி.யும்

மையத்தின் என்ஏபிஎல் சான்றிதழ் எண்ணைப் பாருங்கள். டி.சி. என்று தொடங்கினால் அது ஐஎஸ்ஓ 17025-இன் கீழ்ப் பொதுச் சோதனை ஆய்வகத்துக்கான அங்கீகாரம். தண்ணீர், உணவு, மருந்துப் பொருள் சோதனைகளுக்குப் பொருந்தும். உங்களுடைய சான்றிதழ் எம்.சி. என்று தொடங்கும், அது ஐஎஸ்ஓ 15189, மருத்துவ ஆய்வகத்துக்கானது. மாதிரி எடுப்பதிலிருந்து அபாய மதிப்பை மருத்துவருக்குத் தொலைபேசியில் சொல்வது வரை அது கேட்கும். முன்னதன் முத்திரையை வைத்துப் பின்னதன் அறிக்கையைத் தர முடியாது. அதிலும் அங்கீகாரம் ஆய்வகம் முழுவதற்கும் மொத்தமாக வருவதில்லை; இன்ன இடத்தில், இன்ன மாதிரியில், இன்ன முறையில், இன்ன சோதனை என்று அட்டவணையில் இருப்பதற்கு மட்டும்தான். மையத்தின் அட்டவணையில் தேயிலையில் பூச்சிக்கொல்லி என்று இருந்தால் சீரத்தில் வைட்டமின் டி-க்கு அதனால் பயன் எதுவுமில்லை.

இதற்காகக் கதவு முழுக்க மூடிவிட்டது என்று நினைக்க வேண்டாம். தன் நிரந்தரக் கட்டுப்பாட்டில் இல்லாத கருவியை மருத்துவ ஆய்வகம் பயன்படுத்தும் நிலையை ஐஎஸ்ஓ 15189:2022 கணக்கில் எடுத்தே இருக்கிறது. அப்போதும் தரத்தின் எல்லாத் தேவைகளும் நிறைவேறுவதை ஆய்வகம் உறுதிசெய்ய வேண்டும் என்கிறது. நடைமுறையில் இதன் பொருள்: அந்தக் கருவியின் பராமரிப்புப் பதிவு, கேலிப்ரேஷன் சான்று, இயக்குபவரின் பயிற்சிப் பதிவு, அறையின் வெப்பநிலைப் பதிவு எல்லாம் உங்கள் கோப்பில் இருக்க வேண்டும். மதிப்பீட்டாளர் வந்தால் அந்த அறைக்குள் அவரை அழைத்துப்போக உங்களால் முடிய வேண்டும். பல்கலைக்கழகப் பதிவாளர் இதற்கு ஒப்புக்கொள்வாரா என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பேச்சு அங்கேதான் முறியும்.

இதை ரெஃபரல் லேபுக்கு அனுப்புவதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். ரெஃபரல் லேப் தன் மருத்துவரின் பொறுப்பில் ஒரு முடிவைத் தருகிறது, நீங்கள் அதன் பெயரோடு நோயாளிக்குச் சேர்க்கிறீர்கள். கருவி மையம் தருவது வெறும் பீக் (கருவி வரையும் முகடு) பரப்பளவும் ஒரு எண்ணும்தான். அதை நோயாளியின் முடிவாக்குவது உங்கள் வேலிடேஷனும் (முறை சரியாக அளக்கிறதா என்ற சரிபார்ப்பு) உங்கள் மருத்துவரின் கையெழுத்தும். மையத்தின் இயக்குநர் எவ்வளவு பெரிய பேராசிரியராக இருந்தாலும் அந்தக் கையெழுத்தை அவர் போட முடியாது.

அந்த மாணவருக்கு என்ன சொல்வது?

வேண்டாம் என்று சொல்லுங்கள், இன்றே. நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆயிரம் ரூபாய் வித்தியாசம் யாருக்கும் கண்ணை உறுத்தும்.

மாணவர் கட்டணத்தில் வணிக மாதிரியைப் பதிவது பொய்யான அறிவிப்பு. மையம் வசூலிக்க வேண்டிய கட்டணத்தையும் வரியையும் குறைக்கிறது. பிடிபட்டால் முதலில் பாதிக்கப்படுவது அந்த மாணவரின் பிஎச்.டி. பதிவு. மேலும், மனித மாதிரி ஆராய்ச்சி என்று பதிந்தால் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் எண் கேட்பார்கள். இல்லாத ஆய்வுக்கு எண் எங்கிருந்து வரும்? உங்களுக்கு வரும் கேடு வேறு வகையானது. கருவியின் கணினியில் உங்கள் நோயாளியின் மாதிரி 'ஆராய்ச்சி 14' என்று கிடக்கும். ஆறு மாதம் கழித்து முடிவு தவறு என்று ஒருவர் வழக்குப் போட்டால், 'ஆராய்ச்சி 14' அவருடைய ரத்தம்தான் என்று நிரூபிக்க உங்களிடம் ஒரு காகிதமும் இருக்காது. சரியான முடிவையே கொடுத்திருந்தாலும் அதைக் காப்பாற்ற முடியாமல் போகும்.

பகிர்ந்த கருவியில் எண்கள் எப்படிக் கெடுகின்றன

இதை விரிவாகச் சொல்கிறேன். கட்டணம், சான்று எல்லாம் சரியாக அமைந்தாலும் இந்த இடத்தில்தான் சறுக்குவார்கள்.

முதலில் கருவியின் வகை. எல்சி-எம்எஸ்/எம்எஸ் என்று பலகையில் எழுதியிருந்தாலும் உள்ளே இருப்பது கியூ-டாஃப் என்ற வகையாக இருக்கலாம். பெயர் தெரியாத மூலக்கூறை அடையாளம் காண அது நல்ல கருவி. தினசரி அளவீட்டுக்கு நமக்கு வேண்டியது டிரிப்பிள் குவாட்ரபோல் என்ற வகை. அதுவே இருந்தாலும், மூலக்கூறுக்கு மின்னேற்றம் தரும் பகுதியான அயன் மூலம் எந்த வகை என்று கேளுங்கள். வைட்டமின் டி, எலக்ட்ரோஸ்பிரே என்ற மூலத்தில் எளிதில் மின்னேற்றம் பெறாத மூலக்கூறு; அதனால் பல ஆய்வகங்கள் ஏபிசிஐ என்ற வேறு வகை மூலத்தையோ, மூலக்கூறை எளிதில் மின்னேறும் வடிவுக்கு மாற்றும் டெரிவேட்டைசேஷனையோ நாடுகின்றன. பொது மையத்தில் பெரும்பாலும் எலக்ட்ரோஸ்பிரேதான் மாட்டியிருக்கும். உங்களுக்காக மாற்றிப் பூட்டி, சூடேற்றி, நிலைப்படுத்தும் நேரமும் உங்கள் பில்லில்தான் ஏறும்.

அடுத்தது உங்களுக்கு முன்னால் ஓட்டியவர். காலையில் ஒருவர் மூலிகைச் சாறு, மதியம் ஒருவர் சோப்புக் கலவை, அதற்குப் பிறகு நீங்கள். பாலிஎத்திலீன் கிளைக்கால் போன்றவை குழாய்களில் ஒட்டிக்கொண்டு பல நாட்களுக்குக் கசியும். உங்கள் மூலக்கூறு அயனாவதை அமுக்கிவிடும். பீக் சிறுத்துப்போகும், சில சமயம் அது கண்ணுக்கே தெரியாது. ஆகவே மூலக்கூறுகளைப் பிரித்து அனுப்பும் குழலை, ஆய்வகத்தில் காலம் (column) என்று சொல்கிறோமே அதை, நீங்களே வாங்கி, உங்கள் பெயர் எழுதி, வேலை முடிந்ததும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். பச்சைக் குழந்தைகளின் சீரத்தில் வைட்டமின் டி-யின் சி3-எபிமர் என்ற இரட்டை இருக்கும். நிறை ஒன்றே என்பதால் எம்எஸ்ஸால் பிரிக்க முடியாது. குழல்தான் பிரிக்க வேண்டும். சாதாரண சி18 குழலில் இரண்டும் ஒன்றாக வந்து அளவைக் கூட்டிக் காட்டும். பென்டாஃப்ளூரோஃபீனைல் குழல் இதற்கு உதவும்.

ஒவ்வொரு முறையும் நோயாளி மாதிரிக்கு முன் தெரிந்த கலவை ஒன்றை ஐந்தாறு தடவை செலுத்துங்கள். வெளிவரும் நேரம் நகர்ந்தாலோ பரப்பளவு ஏறி இறங்கினாலோ அங்கேயே நிறுத்துங்கள். மிக உயர்ந்த கேலிப்ரேட்டருக்குப் பிறகு ஒரு வெற்று ஓட்டுங்கள். அதில் மிச்சமாகத் தெரியும் பீக், நீங்கள் அளக்கும் மிகக் குறைந்த நிலையின் பீக்கில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டினால், முந்தைய மாதிரி அடுத்ததில் ஒட்டுகிறது என்று பொருள். கேலிப்ரேட்டர்கள் பெயரளவு மதிப்புக்கு 15 சதவீதத்துக்குள், மிகத் தாழ்ந்தது 20 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். ஒவ்வொரு மாதிரியிலும் இன்டர்னல் ஸ்டாண்டர்டின் பரப்பளவைத் தனியாகப் பாருங்கள். ஒருவருக்கு மட்டும் பாதியாக விழுந்தால் அந்த முடிவைத் தராதீர்கள்.

கழிவும் தொற்றும் மறக்கக் கூடாதவை. வேதியியல் துறைக் கட்டடத்துக்குள் பச்சை ரத்தத்தைக் கொண்டுபோகாதீர்கள். அவர்களுக்கு உயிர்மருத்துவக் கழிவு அங்கீகாரம் இருக்காது. புரத வீழ்படிவையும் பிரித்தெடுப்பையும் உங்கள் ஆய்வகத்திலேயே முடித்து, மூடிய வயல்களில் குறியீட்டு எண் மட்டும் ஒட்டி, குளிர்பெட்டியில், மூன்றடுக்குப் பொதியில் எடுத்துப்போங்கள். நோயாளியின் பெயர் அந்தக் கணினியில் ஏறவே கூடாது. மீந்த வயல்களைத் திரும்ப எடுத்துவந்து உங்கள் கழிவு ஏற்பாட்டில் சேருங்கள். "மிச்சத்தை எங்களிடமே விடுங்கள், மாணவர் ஆய்வுக்கு உதவும்" என்று அன்பாகக் கேட்பார்கள். நோயாளியின் சம்மதமும் நெறிமுறைக் குழு ஒப்புதலும் இல்லாமல் கொடுக்கக் கூடாது.

பிறகு எதற்குத்தான் அந்த மையம்?

வாங்குவதற்கு முன் கற்றுக்கொள்ள. டிரிப்பிள் குவாட்ரபோல் வாங்கினால் என்ன ஆகும் என்று பாருங்கள். இரண்டு கோடி ரூபாய்க் கருவி, ஏழு ஆண்டு ஆயுள் என்று வைத்தால் ஆண்டுக்கு 28.6 லட்சம். பராமரிப்பு ஒப்பந்தம் ஏழு சதவீதம் என்று கொண்டால் 14 லட்சம். நைட்ரஜன் ஜெனரேட்டர், ஆர்கான், யுபிஎஸ், குளிரூட்டி, ஆள், வட்டி எல்லாம் தனி. சோதனைக்கு ஆயிரம் ரூபாய் மிஞ்சினாலும் முதல் இரண்டு செலவுக்கு மட்டுமே ஆண்டுக்குக் கிட்டத்தட்ட 4,260 சோதனைகள் வேண்டும். உங்கள் மூன்றும் சேர்ந்து ஆண்டுக்கு 2,400தான், அவற்றில் வைட்டமின் டி-க்கு ஆயிரம் மிஞ்சவும் மிஞ்சாது. இப்போது கடன் வாங்காதீர்கள்.

மையத்தில் மூன்று மாதம், மாதம் இரண்டு நாள், முறையான தொழில் கட்டணத்தில் நேரம் எடுங்கள். உங்கள் ஊழியர் ஒருவர் கேலிப்ரேஷன் வளைவு போட, பிழை கண்டுபிடிக்க, குழல் மாற்றக் கற்கட்டும். ஐந்து நாள், நாளுக்கு ஐந்து தடவை என்று ஒரே கியூசியை ஓட்டித் துல்லியத்தைப் பாருங்கள். இந்த நாட்களில் ஓடுவது வணிகக் கியூசியும் பெயர் நீக்கிய மீதி சீரமும் மட்டும். எந்த நோயாளிக்கும் இதிலிருந்து அறிக்கை போகக் கூடாது. அந்த ஊழியருக்கு இது கைவந்தால் பின்னாளில் கருவி வாங்கும் பேச்சுக்கு அர்த்தம் இருக்கும். கைவராவிட்டால் இரண்டு கோடி தப்பியது.

வைட்டமின் டி-யை ஊரிலேயே செய்ய வேண்டும் என்றால், உங்களிடம் ஏற்கெனவே இருக்கக்கூடிய இம்யூனோஅஸே அனலைசரில் அந்தச் சோதனையைத் திறக்க முடியுமா என்று முதலில் பாருங்கள். சில கிட்கள் வைட்டமின் டி-யின் டி2 வடிவத்தைக் குறைவாகப் பிடிக்கும் என்பது உண்மைதான். ஆனால் நம் மருத்துவர்கள் எழுதும் 60,000 யூனிட் பாக்கெட் பெரும்பாலும் டி3 என்பதால் இங்கே அது பெரிய தடையில்லை. நாற்பது மாதிரிகளை, தாழ்விலிருந்து உயர்வு வரை பரவலாக எடுத்து, உங்கள் அனலைசரிலும் எல்சி-எம்எஸ்/எம்எஸ் முறையிலும் ஒப்பிடுங்கள். பல்கலைக்கழகக் கருவியில் இதற்கு ஏழு மணி நேரம், 20,650 ரூபாய். இப்போது அனுப்பும் ரெஃபரல் லேப் அதே முறையில் செய்கிறது என்றால் நாற்பதுக்கு 18,000 ரூபாய்தான், அதுவும் எம்.சி. சான்றுள்ள முடிவு. இங்கேயும் மையத்துக்கு வேலை இல்லாமல் போகிறது, என்ன செய்வது!

இத்தனைக்குப் பிறகும் நோயாளி மாதிரிக்கு மையத்தை நாடுவதாக இருந்தால் ஒப்பந்தத்தில் இவை இல்லாமல் கையெழுத்திடாதீர்கள்:

• வாரத்தில் எந்த நாள், எத்தனை மணி நேரம் என்ற உறுதி. கருவி நின்றால் எத்தனை மணி நேரத்துக்குள் தகவல் தருவார்கள் என்பது.
• கருவிக் கோளாறால் தொகுப்பு கெட்டால் மறு ஓட்டத்துக்குக் கட்டணம் இல்லை என்ற வரி. இதை எழுதாவிட்டால் இரண்டு முறையும் உங்கள் பணம்தான்.
• மூலத் தரவுக் கோப்பின் நகல் அன்றே உங்களுக்கு; மென்பொருளில் யார் எதை மாற்றினார் என்ற பதிவும் சேர்த்து.
• பராமரிப்பு, கேலிப்ரேஷன் சான்றுகளின் நகல்; மதிப்பீட்டாளர் நுழைய அனுமதி.
• 'ஆராய்ச்சிக்கு மட்டும்' என்ற வரி உங்கள் வேலைக்குப் பொருந்தாது என்ற எழுத்து மூலமான விலக்கு. மையம் இதற்கு மறுத்தால் அதுவே உங்களுக்கான பதில்.

மறுபக்கம், அந்த மாதிரியின் கருவி வேலை எங்கே நடந்தது என்பது உங்கள் அறிக்கையில் தெரிய வேண்டும். அங்கீகார அட்டவணையில் சேரும் வரை அந்தச் சோதனைக்கு என்ஏபிஎல் முத்திரை கிடையாது. தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் உங்கள் பதிவு உங்கள் முகவரிக்குத்தான். வெளியிடத்தில் ஒரு பகுதி வேலை நடக்கும் ஏற்பாட்டை மாவட்ட இணை இயக்குநர் அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டு, பதிலைக் கோப்பில் வையுங்கள்.

கடைசியாக என்ஐபிடி. கருவுற்ற பெண்ணின் ரத்தத்தில் சிசுவின் குரோமோசோமைப் பார்க்கும் சோதனை சிசுவின் பாலினத்தைக் கண்டறிந்து சொல்வதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டின் பிசிபிஎன்டிடி சட்டத்துக்குள் வருகிறது. மரபணு ஆய்வகம் என்று பதிவு பெற்ற இடத்தில்தான் செய்ய முடியும். பல்கலைக்கழகச் சீக்வென்சர் அறைக்கு அந்தப் பதிவு இருக்க வாய்ப்பில்லை. அந்தத் தரவில் எக்ஸ், ஒய் குரோமோசோம் தகவலும் கிடக்கும். பகிர்ந்த கணினியில் அதை யார் திறந்தார் என்று உங்களால் சொல்ல முடியாது. முதல் குற்றத்துக்கே மூன்றாண்டு வரை சிறை உண்டு. ஆராய்ச்சி ஒத்துழைப்பு என்று பெயர் வைத்தாலும் இதைத் தொடாதீர்கள். பதிவு பெற்ற ஆய்வகம் ஒன்றுக்கு மாதிரி அனுப்புவதாக இருந்தாலும், ரத்தம் எடுக்கும் உங்கள் இடத்துக்கு என்ன பதிவு வேண்டும் என்று மாவட்ட அதிகாரியிடம் எழுத்தில் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.